சிதறிக் கிடக்கும் டிஜிட்டல் குறிப்புகளை எப்படி ஒழுங்குபடுத்துவது?

நண்பர்களே, ஒரு உதவி வேண்டும். நான்கு வருடங்களாகக் கண்ணில் பட்டதையெல்லாம் குறித்து வைத்ததில், எவர்நோட்டில் பாதி, கூகுள் கீப்பில் கொஞ்சம், மீதி எனக்கு நானே அனுப்பிக்கொண்ட வாட்ஸ்அப் செய்திகள் என்று எல்லாம் சிதறிக் கிடக்கிறது. எழுதியது நினைவிருக்கிறது, எங்கே எழுதினேன் என்பதுதான் தெரியவில்லை.

முதலில் ஃபோல்டர் பிரித்தேன். ஒரே குறிப்பு இரண்டு ஃபோல்டருக்குப் பொருந்தியபோது மாட்டிக்கொண்டேன். அப்புறம் டேக். அது 'வேலை', 'வேலைகள்', 'ஆபீஸ்' என்று ஒரே விஷயத்துக்கு மூன்று பெயராகப் போய் முடிந்தது (தப்பு என்னுடையதுதான்).

இப்போது அப்சிடியன் என்ற குறிப்பெடுக்கும் செயலிக்கு மாறலாமா என்று யோசனை. குறிப்புகள் மார்க்டவுன் (எளிய குறியீடுகள் கொண்ட வெறும் எழுத்து வடிவம்) கோப்புகளாக நம் கணினியிலேயே இருக்கும், நாளை அந்தச் செயலியே இல்லாமல் போனாலும் எந்த டெக்ஸ்ட் எடிட்டரிலும் திறக்கலாம். ஜெர்மன் சமூகவியலாளர் நிக்லஸ் லூமன் சுமார் 90,000 காகித அட்டைகளை எண் போட்டு ஒன்றோடொன்று இணைத்தே சமாளித்திருக்கிறார், எனக்கு இரண்டாயிரத்துக்கே மூச்சு வாங்குகிறது!

மாறியவர்கள் சொல்லுங்கள்: பழையதை மொத்தமாக மாற்றினீர்களா, தேவைப்படும்போது ஒவ்வொன்றாக எடுத்தீர்களா? கோப்பின் பெயரில் தேதியை 2025-03-14 மாதிரி முன்னால் போட்டால் தானாகக் காலவரிசையில் நிற்கும் என்கிறார்கள், தேடும்போது அது உண்மையிலேயே உதவுகிறதா? ஸ்கிரீன்ஷாட்டுகளை என்ன செய்கிறீர்கள்?