மறு: ‘கனெக்டெட்’ முகவரிக்கு என்ன சொல் வைப்பது?

அனைவருக்கும் வணக்கம். நெட்வொர்க்கில் தகவல் போகும் வழிகளை நிர்வகிக்கும் எஃப்ஆர்ஆர் மென்பொருளின் சொற்களைத் தமிழாக்கும் நம் வேலையில், ‘கனெக்டெட்’ என்பதற்கு என்ன சொல் என்ற கேள்விக்கு என் பதில் இது.

> ‘இணைக்கப்பட்ட முகவரி’ என்றே வைத்துவிடலாமே. யாருக்கும் சட்டென்று புரியும்.

புரியும் ஐயா, ஆனால் தப்பாகப் புரியும். எஃப்ஆர்ஆர் மூலநிரலில் ‘கனெக்டெட்’ என்று பெயர் வைத்திருக்கும் ஸ்ட்ரக்ட் (தரவுகளைச் சேர்த்து வைக்கும் கட்டமைப்பு) எதையும் எதோடும் இணைப்பதில்லை. இந்த இடைமுகத்துக்கு (நெட்வொர்க்கோடு சேரும் முனைக்கு) இந்த ஐபி முகவரி என்று, எஃப்ஆர்ஆரில் பின்னணியில் ஓடும் நிரலான ஸீப்ரா டீமன் வைத்துக்கொள்ளும் ஒரு குறிப்பு அது, அவ்வளவுதான். கேபிளைப் பிடுங்கினாலும் அந்தக் குறிப்பு அழியாது. இரண்டு கணினிகளுக்கிடையே டிசிபி அமர்வு உருவானாலும் ‘இணைக்கப்பட்டது’ என்றுதான் எழுதிக்கொண்டிருக்கிறோம். அடுத்தடுத்த லாக் வரிகளில் இரண்டும் வந்தால் நள்ளிரவில் திரையைப் பார்த்துக்கொண்டிருப்பவர் என்ன செய்வார்?

பெயர் இன்று வைத்ததல்ல. குனிஹிரோ இஷிகுரோ 1996இல் தொடங்கிய ஸீப்ராவில் இருந்தது, அதன் கிளையான குவாக்கா மென்பொருளுக்கு வந்து, 2017இல் எஃப்ஆர்ஆர் தனிக்கிளையாக வெளிவந்தபோது அப்படியே ஒட்டிக்கொண்டு வந்துவிட்டது. (ஸீப்ராவை ‘வரிக்குதிரை’ ஆக்கலாம் என்று ஒருவர் எழுதியிருந்தார். ரசித்தேன். ஆனால் அது ஓடும் நிரலின் பெயர். கையேட்டில் வரிக்குதிரை என்று போட்டுவிட்டு, ஓடும் நிரல்களைப் பட்டியலிடும் பிஎஸ் கட்டளையில் அதைத் தேடச் சொல்ல முடியாது.)

சொல்லைத் தேடும் முன் அந்தக் குறிப்பில் முகவரியின் நிலையைக் காட்டும் கொடிகளைப் பாருங்கள். இங்கேதான் விஷயம் இருக்கிறது. ‘கான்ஃபிகர்டு’ என்று ஒரு கொடி: பயனர் எஃப்ஆர்ஆர் வழியாகவே இந்த முகவரியைக் கொடுத்தார் என்று பொருள். ‘க்யூட்’ என்று ஒன்று: கெர்னலில் (இயங்குதளத்தின் மையத்தில்) இந்த முகவரி இருக்கிறது, ஆனால் பயன்படுத்தும் நிலைக்கு இன்னும் வராமல் இருக்கலாம். மூன்றாவது ‘ரியல்’: கெர்னலிலும் இருக்கிறது, பயன்படுத்தவும் முடியும். இவற்றை ‘அமைக்கப்பட்ட, வரிசையிலிட்ட, உண்மையான’ என்று முதல் வரைவில் பெயர்த்திருக்கிறோம். அகராதிப்படி குறையில்லை. ஆனால் ‘உண்மையான முகவரி’ என்றால் மற்றவை பொய் முகவரியா? ‘வரிசையிலிட்ட’ என்பது ஆங்கிலத்திலேயே குழப்பும் பெயர். நாமும் ஏன் அதைச் சுமக்க வேண்டும்?

வேலையிடத்தில் நாம் எப்படிப் பேசுகிறோம் என்று கொஞ்சம் காது கொடுத்தால் போதும். “கான்ஃபிக்ல எழுதியிருக்கு, ஆனா ஐபி ஏறலையே” என்கிறோம். எழுதுவது, ஏறுவது இரண்டும் கையிலேயே இருக்கின்றன. மூன்றாவதற்கு நோட்டுக்கும் டிக்கெட்டுக்கும் சொல்கிற ‘செல்லும், செல்லாது’ பொருந்தும். ஆக என் முன்மொழிவு: எழுதிய முகவரி, ஏறிய முகவரி, செல்லும் முகவரி.

இவை தாங்குமா என்று ஒரு நிகழ்வில் வைத்துப் பார்த்தேன். ஈத்0 இடைமுகத்தில் 10.1.1.1/24 என்று எஃப்ஆர்ஆரின் கட்டளைத் திரையான விடிஒய்எஸ்எச்சில் கொடுக்கிறோம். முகவரி எழுதப்பட்டது. ஸீப்ரா அதை நெட்லிங்க் (கெர்னலோடு பேசும் வழி) வழியாகக் கெர்னலுக்கு அனுப்புகிறது. கெர்னல் ‘புது முகவரி’ என்று திரும்பச் சொன்னதும் அது ஏறியதாகிறது. ஐபிவி4 என்றால் அப்போதே செல்லும், ஸீப்ரா மற்ற டீமன்களுக்குத் தகவல் சொல்லிவிடும். இப்போது பக்கத்து இருக்கைக்காரர் ஷெல்லில் ‘ஐபி அட்ரஸ் டெல்’ என்று அடித்து அந்த முகவரியை இறக்கிவிடுகிறார். ஸீப்ரா என்ன செய்யும்? ஏறிய கொடியையும் செல்லும் கொடியையும் இறக்கும். ஆனால் எழுதியது எழுதியதுதான் என்பதால் குறிப்பை அழிக்காது. அதே முகவரியை முதலில் ஷெல்லிலிருந்தே போட்டிருந்தால் அது எழுதாமல் ஏறியது. இறங்கியதும் குறிப்பே காணாமல் போகும். இந்த வேறுபாட்டை ‘இணைக்கப்பட்ட’ என்ற ஒரு சொல்லால் எப்படிச் சொல்வீர்கள்?

ஏறியதற்கும் செல்வதற்கும் இடைவெளி தெரிவது ஐபிவி6இல். முகவரியைப் போட்டவுடன் அதே முகவரி அந்த லிங்க்கில் வேறு யாரிடமாவது இருக்கிறதா என்று கெர்னல் விசாரிக்கிறது. அது முடியும்வரை ‘டென்டேட்டிவ்’ (இன்னும் உறுதியாகாதது) என்ற கொடி தொங்கும். அந்த நேரத்தில் ஒரு நிரல் அம்முகவரியில் சாக்கெட்டை பைண்டு செய்யப் போனால், அதாவது அதைத் தன் முகவரியாக எடுக்கப் போனால், கெர்னல் கைவிரித்துவிடும். ஸீப்ரா தொடங்கும்போது கெர்னலிடம் எல்லா முகவரிகளையும் கேட்டு வாங்கும், ஆனால் இந்தக் கொடி தொங்குபவற்றைத் தள்ளிவிடும். “முகவரி ஏறியது, இன்னும் செல்லாது” என்று லாக்கில் ஒரு வரி வந்தால் விளக்கமே வேண்டாம்.

இனி கனெக்டெட். ‘தொடுப்பு முகவரி’ என்ற யோசனைக்கு ஒரு வார்த்தை: திருநெல்வேலிப் பக்கம் ‘அவனுக்கு ஒரு தொடுப்பு இருக்கு’ என்றால் என்ன பொருள் என்று யாரையாவது கேட்டுப்பாருங்கள். கையேட்டில் வேண்டாம்.

நான் சொல்வது ‘ஒட்டிய’. வீட்டை ஒட்டிய நிலம் என்கிறோமே, அந்த ஒட்டு. வழி அட்டவணையில் (ரவுட்டிங் டேபிள்) கனெக்டெட்டுக்கான சி என்ற எழுத்தோடு வரும் வரியை “10.1.1.0/24 ஈத்0-ஐ ஒட்டியது” என்று எழுதலாம். இடையில் வேறு ரவுட்டர் இல்லை என்பது சொல்லிலேயே வந்துவிடுகிறது. முகவரியானால் ஒட்டிய முகவரி. வழியானால் ஒட்டிய வழி. ‘ஒட்டு’ என்று சுருக்க வேண்டாம், நிரல் திருத்தமான பேட்ச்சுக்கு அதைப் பயன்படுத்துபவர்கள் இருக்கிறார்கள்.

> இடைமுகம் என்பது பயனர் இடைமுகத்தோடு குழம்புகிறது. அதையும் மாற்றலாமா?

வேண்டாம். ஊன்றிய சொல், இடம் பார்த்துப் புரிந்துகொள்வார்கள். ஆனால் கான்ஃபிக்கில் மட்டும் இருந்து கெர்னலில் இன்னும் பிறக்காத இடைமுகத்துக்கு ஒரு பெயர் கட்டாயம் வேண்டும். ஸீப்ரா அதற்கும் குறிப்பு வைத்திருக்கும். இன்டெக்ஸ் (இடைமுகத்தின் அடையாள எண்) மட்டும் 0. ‘ஏட்டு இடைமுகம்’ என்கிறேன். சுரைக்காய் நினைவுக்கு வந்தால் நல்லதுதான், கறிக்கு உதவாது என்பதும் சரியாகவே பொருந்தும்.

அதே ‘கனெக்டெட்’ ஸ்ட்ரக்டில் ‘டெஸ்டினேஷன்’ என்ற புலத்தை ‘சேருமிடம்’ ஆக்கியிருக்கிறோம், அதை எடுத்துவிடுங்கள். பாயிண்ட்-டு-பாயிண்ட் லிங்க்கில் அது எதிர்முனையின் முகவரி, ஈதர்நெட்டில் பிராட்காஸ்ட் முகவரி. எதுவும் எங்கும் போய்ச் சேர்வதில்லை. ஒரே இடைமுகத்தில் பல முகவரிகள் இருக்கும்போது வரும் பிரைமரி, செகண்டரிக்கு முதன்மை, துணை போதும். முதன்மையை நீக்கினால் அதே சப்நெட்டின் துணைகளும் லினக்ஸில் கூடவே போய்விடும், ‘ப்ரொமோட் செகண்டரீஸ்’ அமைப்பைப் போட்டு வைத்திருந்தாலொழிய. இதைக் கையேட்டில் தடித்த எழுத்தில் போட வேண்டும்.

மிச்சமிருப்பது ‘அன்னம்பர்டு’, தனக்கென ஐபி முகவரி கொடுக்கப்படாத இடைமுகத்துக்கான சொல். ‘எண்ணிடப்படாத’ என்பதை யாரும் ஏற்கவில்லை, நிம்மதி. ஓஎஸ்பிஎஃப் என்ற ரவுட்டிங் நெறிமுறையில், லூப்பேக்கின் (கருவிக்குள்ளேயே இருக்கும் இடைமுகத்தின்) முகவரியையே இன்னொரு இடைமுகத்துக்கும் பயன்படுத்துகிறோம், அதற்கு ‘இரவல் முகவரி’ கச்சிதம். ஆனால் இன்னொரு நெறிமுறையான பிஜிபியின் அன்னம்பர்டில் இரவலே கிடையாது. ஐபிவி6 லிங்க்-லோக்கல் முகவரியை (அந்த லிங்க்கில் மட்டும் செல்லுபடியாவதை) வைத்துக்கொண்டு ஐபிவி4 வழிகளைப் பரிமாறுகிறார்கள். இணையத் தர ஆவணமான ஆர்எஃப்சி 5549இல் வந்தது, 2020இல் 8950 ஆகப் புதுப்பித்தார்கள். இரண்டுக்கும் ஒரே சொல் வைத்தால் ஒன்றில் பொய் சொல்வோம். பிஜிபிக்கு மட்டும் தனிச்சொல் யாரிடமாவது இருக்கிறதா? இல்லையென்றால் அந்த அதிகாரத்தில் ‘அன்னம்பர்டு’ என்றே விட்டுவிட்டு மற்றவற்றை முடிக்கலாம் என்பது என் கருத்து.