ஆண்ட்வெர்ப்பில் பிடிபடுவது குறைந்தால் கடத்தலும் குறைந்ததா?

கேள்வி:
பெல்ஜியத்தின் ஆண்ட்வெர்ப் துறைமுகத்தில் 2023-ல் சுமார் 116 டன் கொக்கெய்ன் சிக்கியது. 2024-ல் 44 டன்தான். சோதனைக்குப் பலன் கிடைத்துவிட்டது என்று எடுத்துக்கொள்ளலாமா? அல்பேனியக் குழுக்களும் இத்தாலியின் மாஃபியா கும்பலான என்ட்ராங்கெட்டாவும் அங்கே எப்படிக் காலூன்றின?

பதில் 1:
பிடிபட்ட எடை கடத்தலின் அளவு ஆகாது. சரக்கு வேறு வழியில் போனாலும் எண்ணிக்கை விழும். சிறிய துறைமுகங்கள், நடுக்கடலில் மூட்டையை இறக்கிப் படகில் அள்ளுவது, வேறு பொருளில் கலந்து கொண்டுவந்து ஐரோப்பாவிலேயே பிரித்தெடுப்பது என வழிகள் இருக்கின்றன.

பெரிய துறைமுகத்தின் பலவீனமே அதன் வேகம். ஈக்வடாரின் குவாயாகில் துறைமுகத்திலிருந்து வாழைப்பழத்தோடு வரும் குளிர்பதனக் கன்டெய்னரை நாள்கணக்கில் நிறுத்தினால் பழம் பழுத்துவிடும். சரக்கின் சொந்தக்காரருக்கே தெரியாமல் கதவை ஒட்டிப் பைகளைத் திணித்து, அதே எண்ணோடு போலி சீல் போட்டுவிடுகிறார்கள். எண் ஆவணத்தோடு ஒத்துப்போவதால் மேலோட்டமாகப் பார்த்தால் தெரியாது.

பதில் 2:
என்னைக் கேட்டால், ஸ்கேனரைவிட முக்கியம் பின் எண் (PIN), அதாவது கன்டெய்னரை எடுப்பதற்கான ரகசிய எண். அதைச் சொன்னால் போதும், லாரி ஓட்டுநரிடம் கன்டெய்னரைக் கொடுத்துவிடுவார்கள். கப்பல் கம்பெனி, சரக்கு ஏஜென்ட், லாரி கம்பெனி என்று அது பல கை மாறும். அதில் ஒருவர் விலைபோனால் பூட்டை உடைக்கவே வேண்டாம். உண்மையான லாரி வரும்போது பெட்டி போயிருக்கும். 2023-ல் ஐரோப்பிய ஒன்றியத்தின் போலீஸ் அமைப்பான யூரோபோல் இதைத் தனி அறிக்கையாகவே எழுதியது. இப்போது நெதர்லாந்தின் ராட்டர்டாமிலும் ஆண்ட்வெர்ப்பிலும் எண்ணுக்குப் பதில், பெட்டியை எடுக்கும் உரிமை பதிவான ஒருவரிடமிருந்து அடுத்தவருக்கு டிஜிட்டலாக மாறுகிறது. யார் கையில் கசிந்தது என்பது தெரிந்துவிடும்.

இந்த வழி அடைபட்டால், பெட்டியிலிருந்து சரக்கை எடுத்துவர ஆளைத் துறைமுகத்துக்குள் அனுப்புவார்கள். ராட்டர்டாமில் பெரும்பாலும் இளவட்டங்கள், சிலர் பதினெட்டைக்கூடத் தாண்டாதவர்கள். பிடிபட்டால் முன்பு சிறு அபராதத்தோடு போய்விடும். 2022 ஜனவரி முதல் அத்துமீறி நுழைந்தாலே ஓராண்டு வரை சிறை, சில சூழல்களில் இரண்டாண்டு. அந்தப் பிள்ளைகளை அனுப்பியவன் வேறு நாட்டில் இருப்பான். கொடுமை அதுதான்.

பதில் 3:
அந்தக் குழுக்கள் துறைமுகத்தைப் பிடித்து வைத்திருக்கவில்லை, அங்கே சேவையை விலைக்கு வாங்குகின்றன. என்ட்ராங்கெட்டா மீது தென்னமெரிக்காவில் சரக்கு விற்பவர்களுக்குப் பல ஆண்டு நம்பிக்கை உண்டு. அல்பேனியர்கள் இடைத்தரகரை விட்டுவிட்டு ஈக்வடாரிலேயே ஆள் வைத்தார்கள். பெட்டியை வெளியே எடுப்பது உள்ளூர் வலையமைப்பின் வேலை. 2021 மார்ச்சில், குற்றக் கும்பல்கள் பயன்படுத்திய ரகசியக் குறியாக்கச் செய்திச் சேவையான ஸ்கை இசிசியின் செய்திகளைப் போலீஸ் படித்தது வெளியே வந்தபோது இந்தக் கூட்டு வியாபாரம் முழுசாகத் தெரிந்தது. ஒரே கன்டெய்னரில் பல குழுக்களின் பங்கு இருக்கும். ஒரு தலைவனைப் பிடித்தாலும் மற்றவர்கள் அதே ஆட்களிடம் வேலை வாங்குவார்கள். அதனால் எடையைவிட, உள்ளே விலைபோன ஆட்களில் எத்தனை பேர் சிக்கினார்கள் என்று பாருங்கள்.