அப்பாவின் சினிமா விமர்சனங்களைத் தொடர்வது: நோட்டுகள், பழைய ஃபைல்கள், பாதியில் நின்றவை

மூன்றாம்வரிசை கேட்டது:
அப்பா விட்டுப்போனவை: பென்சிலிலும் பேனாவிலும் எழுதிய விமர்சன நோட்டுகள், பழைய கணினியில் வேர்ட் ஃபைல்கள், பாதியில் நின்ற சில கட்டுரைகள். ஃபைலைத் திறந்தால் தமிழே இல்லை, ஆங்கில எழுத்தாகக் கொட்டுகிறது. அம்மா, தங்கை, நான் மூவருமாக இதைத் தொடரப் போகிறோம். எதில் தொடங்குவது? பாதியில் நின்றதை நாங்களே முடிக்கலாமா?

பழையரீல்:
முதலில் கணினி. நோட்டு காத்திருக்கும், பழைய ஹார்ட் டிஸ்க் காத்திருக்காது. அடிக்கடி போட்டுப் போட்டுப் பார்க்காதீர்கள். டிஸ்க்கைக் கழற்றி யுஎஸ்பி அடாப்டரில் மாட்டி, மொத்தத்தையும் ஒரே தடவையில் நகலெடுங்கள். டிக் டிக் என்று சத்தம் வந்தால் அதோடு நிறுத்திவிட்டு, டேட்டா மீட்கும் ஆளிடம் கொடுத்துவிடுவது நல்லது. இரண்டு நகல் வேண்டும், அதில் ஒன்று வேறு வீட்டில் இருக்கட்டும்.

ஃபைல் கெட்டுப்போயிருக்காது. யூனிகோடுக்கு (இன்று எல்லாக் கணினியிலும் பொதுவாக உள்ள எழுத்துக் குறியீட்டு முறை) முந்தைய எழுத்துருவில் அடித்திருப்பார். மெய்யெழுத்தின் புள்ளி வரவேண்டிய இடத்திலெல்லாம் அரைப்புள்ளி நின்றால் அநேகமாகப் பாமினி. அந்த எழுத்துருவை நிறுவினாலே படித்துவிடலாம்; பிறகு எழுத்துரு மாற்றும் செயலியில் போட்டு யூனிகோடாக்குங்கள். பலர் சறுக்குவது இங்கேதான்: நோட்பேடில் ஒட்டிவிட்டு மாற்றுவார்கள். ஒட்டியதுமே எழுத்துரு விவரம் போய்விடும். நடுவே ஆங்கிலத்தில் எழுதிய படப்பெயரையும் அந்தச் செயலி தமிழென்றே நினைத்து அர்த்தமில்லாத எழுத்தாக்கிவிடும். வேர்டிலேயே எழுத்துருப் பெயரை வைத்துத் தேடி, பாமினியில் உள்ளதை மட்டும் மாற்றுங்கள்.

கறுப்புத்தாள்:
நோட்டுக்கு 300 டிபிஐ (அங்குலத்துக்கு இத்தனை புள்ளி என்ற ஸ்கேன் நுணுக்கம்) போதும், பென்சில் எழுத்துக்கு 400. கலரிலேயே ஸ்கேன் செய்யுங்கள். கறுப்பு வெள்ளையில் எடுத்தால் மங்கிய பென்சில் காணாமல் போகும், சிவப்பு மையில் செய்த திருத்தத்தையும் பிரித்துப் பார்க்க முடியாது. பின்பக்க எழுத்து தெரிந்தால் தாளுக்கு அடியில் ஒரு கறுப்புத் தாளை வையுங்கள், பெருமளவு அடங்கிவிடும். துருப்பிடித்த ஸ்டேப்ளர் பின்னைப் பிடுங்கினால் தாள் கிழியும். கம்பியின் இரு முனைகளையும் பின்பக்கம் நிமிர்த்திவிட்டு எடுங்கள். பக்க நடுவே டிக்கெட் இருந்தால் அது இருந்த பக்கத்தோடு சேர்த்து ஒரு படம் எடுத்தபிறகே நகர்த்துங்கள். தேதி போடாத விமர்சனத்துக்குப் பல சமயம் அதுதான் தேதி.

தமிழ்க் கையெழுத்தைத் தானாகப் படிக்கும் செயலிகளை நம்பி உட்காராதீர்கள். ஒருவர் வாசிக்க, ஃபோனின் குரல் தட்டச்சில் ஏற்றி, இன்னொருவர் மூலத்தோடு ஒப்பிடுவது வேகம். ஊர், நடிகர் பெயர்களில்தான் குரல் தட்டச்சு அதிகம் உளறும்.

நீளம்குறை:
திருத்தும்போது ஒரு எச்சரிக்கை. அவர் 150 நிமிடம் என்று எழுதியிருக்க, கையிலிருக்கும் டிவிடி 144 காட்டினால் உடனே அவர் தப்பென்று மாற்றாதீர்கள். பால் (PAL) என்ற டிவி ஒளிபரப்பு முறைக்கான டிஸ்க்கில் நொடிக்கு 24 ஃபிரேம் படம் 25 ஆக ஓடும், நேரம் 4% குறையும். அதேபோல அவர் வர்ணிக்கும் காட்சி இப்போதைய ஓடிடி பிரதியில் இல்லாமலும் போகலாம். தியேட்டரில் ஓடிய பிரதி வேறாக இருந்திருக்கும். எழுத்துப்பிழையைத் திருத்துங்கள், கருத்தைத் தொடாதீர்கள். நீங்கள் சேர்ப்பது சதுர அடைப்புக்குள் இருக்கட்டும்.

பாதியில் நின்றதை முடிக்கவே வேண்டாம். நின்ற இடத்தில் நிறுத்தி, கீழே உங்கள் பெயரில் தனியாக எழுதுங்கள். அவர் பெயரில் நீங்கள் ஒரு வரி எழுதினாலும், நாளைக்கு எது அவருடையது என்று உங்களுக்கே தெரியாமல் போகும். பத்திரிகையில் ஏற்கெனவே வந்த கட்டுரை என்றால், மறுபிரசுர உரிமை யாரிடம் என்று அங்கே கேட்டுவிடுங்கள். புகைப்படங்களின் உரிமை வேறு, அதைத் தனியாகப் பார்க்க வேண்டும்.

மூன்றாம்வரிசை:
நன்றி. ஒரே படத்துக்கு இரண்டு விமர்சனம் இருக்கிறது, ஒன்றில் திட்டு, ஒன்றில் பாராட்டு. எதைப் போடுவது?

நீளம்குறை:
இரண்டையும், பார்த்த வருடத்தோடு. திட்டியது முதலில் வரட்டும்.