ஹொக்கைடோவில் கொக்கு பார்க்க முக்காலி, பூட்ஸ் தேவை

வணக்கம். பிப்ரவரியில் கோலாலம்பூரிலிருந்து ஆறு பேர் ஜப்பானின் கிழக்கு ஹொக்கைடோவில் உள்ள த்சுருய் கிராமத்துக்குப் போகிறோம், தஞ்சோ என்ற சிவந்த உச்சந்தலைக் கொக்கு பார்க்க. பொழுது விடியுமுன் ஒத்தோவா பாலத்தில் நிற்க வேண்டும். கொக்குகள் உறையாத ஆற்றில்தான் இரவு தங்கும். குளிர் மைனஸ் 20ஐ நெருங்கினால் ஆற்று ஆவி கரையோரக் கிளைகளில் உறைந்து, மரமே வெள்ளையாகிவிடும். அதற்காகவே அந்த நேரம்.

முதலில் முக்காலி. முக்காலியின் உச்சியில் ஸ்கோப்பை (பறவை பார்க்கும் தொலைநோக்கி) தாங்கிச் சுழலும் எங்கள் ஃப்ளூயிட் ஹெட்டுக்குள் இருக்கும் கிரீஸ் கடுங்குளிரில் கெட்டியாகும். ஸ்கோப்பைத் திருப்பினால் விட்டு விட்டு நகரும், பறக்கும் கொக்கைத் தொடரவே முடியாது. அந்தக் குளிரில் ஒழுங்காகச் சுழன்ற ஹெட் எது? மாடலோடு சொல்லுங்கள். கார்பன் கால்கள் வாடகைக்குக் கிடைத்தால் இன்னும் நல்லது. அலுமினியம் கையுறையைத் தாண்டியும் விரலை மரத்துப்போக வைக்கும்.

அடுத்து, 8, 10 சைஸில் பனி பூட்ஸ். தடித்த காலுறையோடு விரல் அசைய இடம் வேண்டும். இறுக்கினால் ரத்த ஓட்டம் குறைந்து கால் சீக்கிரம் குளிர்ந்துவிடும்.

பேட்டரியை உள்சட்டைப் பையில் வைப்பது, அறைக்குள் நுழையுமுன் வெளியிலேயே கேமராவைப் பிளாஸ்டிக் பையில் காற்றுப்புகாமல் மூடுவது (இல்லையென்றால் லென்ஸில் நீர் கோத்துவிடும்) தெரியும். தெரியாதது ஒன்று: மூச்சுக்காற்று பைனாகுலர் கண்வில்லையில் பட்டு உறைவதை எப்படித் தடுக்கிறீர்கள்?

கிள்ளான், ஷா ஆலம் பக்கமென்றால் நேரில் வந்து எடுத்துக்கொள்கிறோம், முன்பணமும் தருகிறோம்.