நோர்மன் குடும்ப நாவல்: மெசினா கடப்பு, பன்னிரண்டு மகன்மார், சீதனப் பேச்சு

உப்புவெளி:
ஓத்வில் என்ற நோர்மன் குடும்பத்தை வைத்து நாவல். பிரான்ஸின் நோர்மண்டியில் தகப்பன் தங்கிரெட்டின் வீட்டில் தொடங்கி, 1072 இல் சிசிலித் தீவின் பலேர்மோ நகரம் விழுவதோடு முடிகிறது. மூன்று இடத்தில் முட்டுப்படுகிறேன். 1061 மே மாதம் இத்தாலிக்கும் சிசிலிக்கும் இடையிலுள்ள மெசினா நீரிணையைக் குதிரைகளோடு கடக்கும் அத்தியாயத்தில் நூறு கப்பல் விட்டிருக்கிறேன். வாசித்தவர்கள் “மூதூர் லோஞ்சில் போற மாதிரியே இருக்கு” என்கிறார்கள். இரண்டாவது, தங்கிரெட்டின் பன்னிரண்டு மகன்மாரையும் வாசகர் குழம்பாமல் எப்படிப் பெயரிடுவது? மூன்றாவது, அவர்களில் ஒருவரான றொபேட் சிகெல்கைத்தாவைக் கட்டும் இடத்தில் பெண் வீட்டார் வீடும் காணியும் எழுதிக் கொடுப்பதாக ஒரு சீதனப் பேச்சு. பொருந்துமா? இலங்கையிலிருந்து போன ஒரு மாலுமியைப் பலேர்மோவில் இறக்கவும் ஆசை.

சீனக்குடா:
கடலை மட்டும் சொல்கிறேன். மூதூர் லோஞ்சு ஓடும் கொட்டியாரக்குடாவை மறந்துவிடுங்கள். மெசினாவில் மிக ஒடுங்கிய இடம் மூன்று கிலோமீற்றர்தான். கரையில் நின்று பார்த்தால் ஏற்றவற்றம் ஒரு சாண் அளவில் இருக்கும், நம்முடையதைவிடக் குறைவு. ஆனால் வடக்கே திரேனியக் கடல் ஏறும்போது தெற்கே அயோனியக் கடல் வற்றும், பிறகு மறுவளமாக நடக்கும். அந்த வித்தியாசம் முழுவதும் நீரிணைக்குள்ளால்தான் பாய வேண்டும். ஆறு மணித்தியாலத்துக்கு ஒருமுறை அளவில் ஓட்டம் திசை மாறும். உச்சத்தில் ஆள் வேகமாக நடப்பதைவிட வேகம். எதிர்க்கரையில் ஒரு வெளிச்சத்தைக் குறிவைத்து நேரே வலித்தால் கிலோமீற்றர் கணக்கில் தள்ளிப்போய் இறங்குவார்கள். உங்கள் சுக்கான்காரன் ஓட்டம் மாறும் நேரத்துக்குக் காத்திருக்க வேண்டும்.

நூறு கப்பல் வேண்டாம். குறிப்புகளில் இருப்பது 13 கப்பல், 270 குதிரைவீரர். அதாவது ஒன்றுக்கு இருபது ஆளும் இருபது குதிரையும். ஆளை இறக்கிவிட்டு அதே கப்பல்கள் திரும்பிப் போய் இன்னும் 170 பேரைக் கொண்டுவந்தன. சிசிலிக் கப்பல்கள் மெசினாவைக் காவல் காத்ததால் இரவில், நகருக்குத் தெற்கே எட்டுக் கிலோமீற்றர் அளவில் இறங்கினார்கள். முதல் கூட்டம் இறங்கியதற்கும் இரண்டாவது வந்ததற்கும் இடையில் அந்த 270 பேரும் பின்வாங்க ஒரு தோணிகூட இல்லாமல் இருட்டுக்குள் நிற்கிறார்கள். அத்தியாயத்தின் உயிர் அங்கேதான்.

குதிரைக்கு வாந்தி எடுக்க வராது. கடல் ஒத்துக்கொள்ளாவிட்டால் வியர்க்கும், தீன் மறுக்கும், வயிற்றுக்குத்து வந்தால் விழுந்து உருளப் பார்க்கும். நானூறு கிலோ மிருகம் ஒன்று உருண்டால் பக்கத்திலுள்ளவை மிரளும், எல்லாம் ஒரு பக்கம் ஒதுங்கினால் கப்பல் சரியும். அதனால் கயிற்றைக் கட்டையாகக் கட்டி, பலகையில் வைக்கோல் பரப்புங்கள். ஒன்று கனைத்தால் மற்றவை பதில் கொடுக்கும். இரவில் தண்ணீர்மேல் சத்தம் வெகுதூரம் போகும். எதிரிக்குக் காட்டிக்கொடுக்க அதுவே போதும்.

வளையக் கவசத்தைக் கடலில் எவரும் உடுத்துவதில்லை. பன்னிரண்டு கிலோ வரும், விழுந்தால் கதை முடிந்தது. சுருட்டிக் கட்டி வைப்பார்கள். உப்புத்தண்ணி பட்டால் கறள் பிடிக்கும். மணலோடு சாக்கில் போட்டு உருட்டித்தான் எடுப்பார்கள்.

தம்பலகாமம்:
பெயர்களில் பெரிய பொறி, வில்லியம் என்று இரண்டு பேர் இருப்பது. மூத்தவர் முதல் தாரம் முரியெல்லாவின் பிள்ளை, மற்றவர் இரண்டாம் தாரம் பிரெசெந்தாவின் பிள்ளை. மூத்தவருக்கு ‘இரும்புக்கை’ என்ற பட்டம் இருக்கிறது, அதையே பெயராக்குங்கள். றொபேட்டுக்கு ‘கிஸ்கார்’; தந்திரக்காரன், கொஞ்சம் கள்ளமூளை என்ற பொருள். மொழிபெயர்க்காமல் விட்டால் பட்டத்தின் குத்தல் போய்விடும்.

துரோகோ என்று மட்டும் எழுதிவிடாதீர்கள், வாசகர் கண் ‘துரோகி’யில் போய் நிற்கும். ட்ரோகோ என்று எழுதுங்கள். (உண்மையில் 1051 இல் சதிக்குப் பலியானவரே அவர்தான்.) பன்னிரண்டு பேரையும் மேடையேற்றத் தேவையில்லை. இரும்புக்கை, ட்ரோகோ, ஹம்பிரி, றொபேட், கடைக்குட்டி றோஜர் போதும்.

‘ஓத்வில்’ நம்முடைய ஊர்ப்பெயர் போலத்தான். இன்னாருடைய மகன், இன்ன ஊரான் என்றே அறிமுகம் செய்வார்கள். கேடயத்தில் குடும்பச் சின்னம் வரைந்திருந்தால் அழியுங்கள், அந்த வழக்கம் 12ஆம் நூற்றாண்டில்தான் வந்தது. நோர்மண்டி வீட்டைக் கற்கோட்டையாகக் காட்டாதீர்கள், அவர்கள் சின்ன நிலக்காரர். சமையலில் தக்காளி, மிளகாய், உருளைக்கிழங்கு எதுவும் வரக்கூடாது.

நிலாவெளி:
சீதனப் பேச்சைத் தவறான பெண்ணுக்கு வைத்திருக்கிறீர்கள். முதல் மனைவி அல்பெராதாவைக் கட்டும்போதுதான் அவளுடைய உறவினர் இருநூறு குதிரைவீரரைத் தருவதாகப் பேசினார். இத்தாலியில் கொள்ளைக்காரனாகத் திரிந்த றொபேட்டைப் பிரபுவாக்கியது அந்தச் சீதனம். 1058 இல் ‘இரத்த உறவு நெருக்கம்’ என்று சொல்லி அந்தக் கல்யாணத்தைக் கலைத்தார்கள். பிறகு சிகெல்கைத்தா: சலேர்னோ இளவரசனின் தங்கை, லொம்பார்டியப் பெண். லொம்பார்டிய வழக்கத்தில் முதலிரவுக்கு மறுநாள் காலை மாப்பிள்ளைதான் பெண்ணுக்குச் சொத்து எழுதுவான், அதிகபட்சம் தன் சொத்தில் கால்பங்கு. வீடு பெண்ணோடு வரும் நம் பக்கத்து முறையை அங்கே கொண்டுபோனால் தலைகீழாகிவிடும். உங்களுக்கு வேண்டிய மோதலும் அங்கேயே இருக்கிறது: வாரிசு அல்பெராதாவின் மகன் பொயமொன்டா, சிகெல்கைத்தாவின் மகன் றோஜர் போர்சாவா என்பது.

மாலுமி வேண்டாம். மிளகு போதும்; ஏடன், செங்கடல், எகிப்து வழியாகச் சிசிலிக்கு வந்துகொண்டிருந்த சாமான். சரந்தீபைப் (இலங்கையை) பற்றிப் பலேர்மோவில் இருந்து எழுதிய புவியியலாளர் அல் இத்ரீசி 1154 இல் தன் நூலை முடித்தவர், 1072 இல் அவர் பிறக்கவே இல்லை. காலப்பொருத்தம் வேண்டுமென்றால் இது: 1070 அளவில் விஜயபாகு பொலன்னறுவையைப் பிடித்துச் சோழரை வெளியேற்றுகிறான், அடுத்த ஆண்டு றொபேட் தென்னித்தாலியின் பாரி நகரத்தைப் பிடிக்கிறார். முன்னுரையில் ஒரு வரி போதும், கதைக்குள் இழுக்காதீர்கள்.

உப்புவெளி:
கப்பலை 13 ஆக்கிவிட்டேன், சீதனத்தை அல்பெராதாவுக்கு மாற்றுகிறேன். மெசினாவுக்கும் பலேர்மோவுக்கும் இடையில் பத்து ஆண்டு வெறுமையாகக் கிடக்கிறது. எதை வைக்கலாம்?

தம்பலகாமம்:
திரோயினா முற்றுகை, 1062 குளிர்காலம். சிசிலியில் ஒரு மலையூர், பனி கொட்டும். கிரேக்க ஊரவர் கிளம்பி, முஸ்லிம் படையும் அவர்களோடு சேர, றோஜரும் இளம் மனைவி ஜூடித்தும் உள்ளே நாலு மாதம் அடைபட்டார்கள். இருவருக்கும் ஒரே போர்வை, வெளியே போகிறவர் போர்த்துக்கொண்டு போவாராம். ஒரு சண்டையில் குதிரை செத்துவிட, றோஜர் சேணத்தைக் கழற்றித் தோளில் போட்டுக்கொண்டு நடந்து திரும்பினாராம். கடைசியில் குளிருக்கு வைன் குடித்துக் காவலர் மயங்கிக் கிடந்த இரவில்தான் வெளியே பாய்ந்தார்கள். அதை ஜூடித்தின் கண்ணால் எழுதுங்கள். றோஜர் குதிரை தேட இத்தாலிக்குப் போன நாட்களில் ஊரைக் காவல் காத்தது அவள்தான்.