புதுப்பிப்பு: சந்தையில் எடுத்த துருப்பிடித்த இழைப்புளி

போன மாதம் பழைய சாமான் சந்தையில் துருவேறிய ஸ்டான்லி கம்பெனியின் 4-ஆம் எண் இழைப்புளி (மரத்தைச் சீவி வழவழப்பாக்கும் கருவி) ஒன்றை வாங்கிவிட்டு, "இது தேறுமா, எத்தனை வயதிருக்கும்?" என்று இங்கே கேட்டிருந்தேன்.

வயது ஓரளவு பிடிபட்டது. அலகை, அதாவது மரத்தைச் சீவும் தகட்டை, தாங்கும் வார்ப்புக்குப் பின்னால் அப்பியிருந்த அழுக்கைச் சுரண்டியதும் மூன்று காப்புரிமைத் தேதிகள் தெரிந்தன. இரண்டு 1902-ஐச் சேர்ந்தவை, மூன்றாவது 1910 ஏப்ரல் 19. ஆக, உடல் அதற்கு முந்தியதாக இருக்க முடியாது. அலகுக்கு இது பொருந்தாது. தேயத் தேய மாற்றியிருப்பார்கள்.

துரு விஷயத்தில் சொதப்பினேன். அலகை ஓர் இரவு வினிகரில் ஊறப்போடச் சொன்னீர்கள். நான் மறந்துபோய் இரண்டு நாள் விட்டுவிட்டேன். துரு போனது, கூடவே அலகின் பளபளப்பும் போய்க் கருஞ்சாம்பல் நிறமாகிவிட்டது.

உடலுக்கு, தண்ணீரில் மின்சாரம் செலுத்தித் துருவை எடுக்கும் மின்பகுப்பு முறையைப் பிடித்தேன். சலவை சோடா கரைத்த தண்ணீர், பேட்டரி சார்ஜர், ஒரு பழைய இரும்புத் துண்டு, அவ்வளவுதான். எதிர்முனை கருவிக்கு, நேர்முனை இரும்புத் துண்டுக்கு. அந்த இடத்தில் எவர்சில்வரைப் போட்டுவிடாதீர்கள், நச்சுத்தன்மையுள்ள குரோமியம் தண்ணீரில் கலக்கும். வெளியே எடுத்ததும் துடைத்து எண்ணெய் பூசினேன். தாமதித்தால் கண்முன்னே மறுபடி துரு பூக்கிறது.

நல்லவேளை, வாய்ப்பகுதியில் (அடியில் அலகு வெளியே நீட்டும் பிளவில்) விரிசல் இல்லை. வாங்கும்போது அதைப் பார்க்கவே தோன்றவில்லை! அலகின் பின்பக்கம், முனையை ஒட்டி, இன்னும் சில துருக்குழிகள் இருக்கின்றன. அப்புறம், உடைந்த கைப்பிடிக்குப் பொருத்தமான மரம் தேடுகிறேன்.