மறு: ‘டீகமாடிஃபிகேஷன்’: பண்டநீக்கமா, சந்தைப்பிடித் தளர்வா?

அன்புள்ள நண்பர்களுக்கு, வணக்கம்.

‘டீகமாடிஃபிகேஷன்’ என்பதற்குத் தமிழ்ச்சொல் தேடி நான்கு நாளாக இந்த இழையில் வந்த மடல்களை ஒன்றுவிடாமல் படித்தேன். உழைப்பை விற்றே தீர வேண்டும் என்ற கட்டாயம் இல்லாமல் ஒருவர் உரிமையோடு பிழைக்க முடிவதைத்தான் அந்தச் சொல் குறிக்கிறது. நான்கு பரிந்துரைகள் வந்திருக்கின்றன: பண்டநீக்கம், வணிகமய நீக்கம், ஆங்கிலச் சொல்லை அப்படியே வைப்பது, சந்தை விடுபாடு. நான் மொழிபெயர்த்துக்கொண்டிருக்கும் சமூகக் கொள்கைப் பாடத்திலிருந்து ஒரு பத்தியை எடுத்து, நான்கையும் மாற்றி மாற்றிப் போட்டு எழுதிப் பார்த்தேன். அப்போது தெரிந்ததைச் சொல்லத்தான் இந்த மடல். கொஞ்சம் நீளும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

> ‘கமாடிஃபிகேஷன்’ பண்டமாக்கம் என்றால் ‘டீகமாடிஃபிகேஷன்’ பண்டநீக்கம். இதில் யோசிக்க என்ன இருக்கிறது?

ஐயா, பண்டமாக்கம் என்றால் ஒன்றை விற்பனைச் சரக்காக்குவது; அதன் எதிர்ச்சொல் பண்டநீக்கம் என்று எனக்கும் முதலில் பட்டது. சிக்கல் ‘நீக்கம்’ என்ற பின்பகுதியில் இருக்கிறது. பணிநீக்கம் என்றால் பணியிலிருந்து ஆளை நீக்குவது. கட்டுப்பாட்டு நீக்கம் என்றால் கட்டுப்பாட்டையே நீக்குவது. முன்னதில் பணி அப்படியே இருக்கிறது, ஆள் போகிறார். பின்னதில் கட்டுப்பாடே போய்விடுகிறது. பண்டநீக்கத்தில் போவது எது? பொருளியல் படிக்காத என் அக்கா மகளிடம் “நல அரசின் முதல் வேலை உழைப்பின் பண்டநீக்கம்” என்று வாசித்துக் காட்டினேன். “கிடங்கைக் காலி செய்வதா?” என்று கேட்டாள். அவள் கேட்டது நியாயம்தான். பண்டம் என்ற நிலை நீங்குவது என்று நாம் மனத்துக்குள் நிரப்பிக்கொள்கிறோம்; சொல் அதைச் சொல்லவில்லை.

சரி, ‘பண்டநிலை நீக்கம்’ என்று திருத்திக்கொள்ளலாமே என்றால், அதிலும் ஒரு குறை இருக்கிறது. அதைச் சொல்ல, கருத்துக்குள் கொஞ்சம் போக வேண்டும்.

ஒருத்தி திங்கட்கிழமை காலை காய்ச்சலோடு எழுந்திருக்கிறாள். வேலைக்குப் போகாவிட்டால் அன்றைய கூலி இல்லை. கூலி இல்லையென்றால் மாதக் கடைசியில் வாடகை இடிக்கும். மாத்திரையைப் போட்டுக்கொண்டு கிளம்புகிறாள். யாரும் அவளைக் கையைப் பிடித்து இழுத்துப் போகவில்லை. ஆனால் உழைப்பை விற்காமல் அந்த ஒரு நாளைக் கடத்த அவளுக்கு வழியும் இல்லை. இப்போது, அவள் இருக்கும் நாட்டில் நோய்க்காலப் படி உண்டு என்று வைத்துக்கொள்வோம். முதல் மூன்று நாளுக்குக் கிடையாது, நான்காம் நாளிலிருந்து பாதிச் சம்பளம். அப்போதும் அவள் கிளம்பத்தான் பார்ப்பாள். முதல் நாளிலிருந்தே முக்கால் சம்பளம், அதுவும் யாரிடமும் கெஞ்சாமல் உரிமையாகவே கிடைக்கும் என்றால்? போர்வையை இழுத்துப் போர்த்திக்கொண்டு படுப்பாள். மாத்திரை போட்டுக்கொண்டு கிளம்புவதற்கும் போர்த்திக்கொண்டு படுப்பதற்கும் இடையில் எத்தனையோ படிகள் இருக்கின்றன. அந்தப் படிகளில் ஏறுவதற்குத்தான் நாம் பெயர் தேடுகிறோம்.

சட்டங்களைப் பார்த்தாலும் இது தெரியும். ஜெர்மனியில் பிஸ்மார்க் காலத்தில் வந்த 1883ஆம் ஆண்டின் நோய்க் காப்பீட்டுச் சட்டம், நோய் கண்ட நாளுக்குப் பின் மூன்றாம் நாளிலிருந்து பாதிக் கூலி, அதிகபட்சம் 13 வாரம் என்று வைத்தது. ஸ்வீடன் 1987 டிசம்பரில் காத்திருப்பு நாளே, அதாவது படி கிடைக்காத தொடக்க நாளே, வேண்டாம் என்று எடுத்துவிட்டது. 1993இல் ஒரு நாள் திரும்பி வந்தது. கேட்டால் ஒரே ஒரு நாள்தானே என்று தோன்றும். அந்தக் காய்ச்சல்காரிக்கு அந்த ஒரு நாள்தான் எல்லாமே. நவீன அரசுக்கும் சந்தைக்கும் நடக்கும் இழுபறி பெரும்பாலும் இப்படி நாள் கணக்கிலும் விழுக்காட்டுக் கணக்கிலும்தான் நடக்கிறது.

இந்தச் சொல்லைச் சமூகக் கொள்கை ஆய்வில் நிலைக்க வைத்த டென்மார்க் நாட்டுச் சமூகவியலாளர் எஸ்பிங்-ஆண்டர்சனும் இதை உண்டு, இல்லை என்று பார்க்கவில்லை. சந்தையை நம்பியிராமல் ஒருவர் உரிமையோடு பிழைக்க முடிவது எந்த அளவுக்கு என்றுதான் கேட்டார். 1990இல் வந்த அவர் நூலில் 18 நாடுகளுக்கு மதிப்பெண் இருக்கிறது: ஓய்வூதியம், நோய்க்காலப் படி, வேலையின்மைப் படி மூன்றையும் சேர்த்து, 1980ஆம் ஆண்டு நிலவரப்படி. ஆஸ்திரேலியா 13, அமெரிக்கா 13.8, ஸ்வீடன் 39.1. அந்தக் கணக்கைப் பின்னால் வந்த ஆய்வாளர்கள் மறுபடி போட்டுப் பார்த்தபோது சில நாடுகளின் இடம் மாறியது. நமக்கு இங்கே அது முக்கியமில்லை. பட்டியலில் ஒரு நாட்டுக்கும் பூஜ்யம் இல்லை என்பதுதான் முக்கியம். ‘நீக்கம்’ என்றாலே முழுக்க எடுத்துவிட்டது போல ஒலிக்கிறது. “அமெரிக்காவில் பண்டநிலை நீக்கம் 13.8” என்று எழுதினால் தமிழ்க்காது ஒப்புமா?

‘வணிகமய நீக்கம்’ வேறு பொருள். லாப நோக்கமே இல்லாத அறக்கட்டளை மருத்துவமனையிலும் கட்டணம் கட்டினால்தான் வைத்தியம் என்றால் நோயாளியின் நிலை மாறவில்லை. அதை விட்டுவிடலாம்.

> பேசாமல் ‘டீகமாடிஃபிகேஷன்’ என்றே எழுதிவிட்டுப் போகலாமே?

வகுப்பில் பேச அது போதும். வினையாக்கும்போதுதான் முட்டுகிறது. “இந்தச் சட்டம் தொழிலாளியை டீகமாடிஃபை பண்ணுகிறது” என்று ஒரு பாடநூல் முழுக்க எழுத என் கை வரவில்லை.

அடுத்து ‘சந்தை விடுபாடு’. இதைச் சொன்ன நண்பருக்கு நன்றி. ஈடுபாடு, கட்டுப்பாடு, உடன்பாடு என்று நல்ல வரிசையில் வருகிறது. விடுபடு, விடுவி என்று தன்வினை, பிறவினை இரண்டும் கிடைக்கின்றன. இரண்டு நாள் இதையே வைத்து எழுதினேன். மூன்றாம் நாள் ஒரு வாக்கியத்தில் மாட்டிக்கொண்டேன்: “சந்தையிலிருந்து விடுபட்டவர்கள்.” பட்டியலில் பெயர் விடுபட்டது என்றால் நமக்கு என்ன பொருள்? விட்டுப்போனது. சந்தையில் விடுபட்டவர் என்றால் வேலை கிடைக்காமல் ஒதுக்கப்பட்டவர் என்று படிக்க எல்லா வாய்ப்பும் இருக்கிறது. நாம் சொல்ல வந்ததற்கு அது நேர் எதிர்.

இது வெறும் சொல் விளையாட்டில்லை. வரலாற்றில் விடுபடுவதும் ஒதுக்கப்படுவதும் குழம்பியதால் வந்த துயரம் கொஞ்சநஞ்சமல்ல. 1795இல் இங்கிலாந்தில் பெர்க்‌ஷர் நீதிபதிகள் ஸ்பீனம்லாண்டில் கூடி, ரொட்டி விலை ஏற ஏறக் கூலியின் குறையை ஊர் வரியிலிருந்து ஈடுகட்டுவது என்று முடிவெடுத்தார்கள். அந்தத் துணைப்படி முறைதான் உழைக்கும் ஆசையைக் கெடுக்கிறது என்று பழி சுமத்தி, 1834இல் ஏழையர் சட்டத்தைத் திருத்தினார்கள். இனி, உழைக்கத் தெம்புள்ளவர் உதவி கேட்டால், ஏழைகளைத் தங்க வைத்து வேலை வாங்கும் உழைப்பில்லத்துக்குள் போக வேண்டும்; உள்ளே இருக்கும் வாழ்க்கை, வெளியே மிகக் குறைந்த கூலி வாங்குபவரின் வாழ்க்கையைவிடக் கீழாகத்தான் இருக்க வேண்டும். அதற்குள் போனவர் ஒரு கணக்கில் சந்தையிலிருந்து ‘விடுபட்டவர்’தான். ஆனால் அந்த இல்லம் கட்டப்பட்டதே, வெளியில் இருக்கும் மற்றவர்கள் எந்தக் கூலிக்கும் தலையாட்ட வேண்டும் என்பதற்காக. நம் சொல் இந்த இரண்டையும் ஒன்றாக்கிவிடக் கூடாது.

இனி என் பரிந்துரை: சந்தைப்பிடித் தளர்வு.

தளர்வு நமக்குப் புதிதல்ல. விதித் தளர்வு, வயதுத் தளர்வு என்று செய்தித்தாளில் தினம் பார்க்கிறோம். முழுக்க அவிழ்ந்துவிட்டது என்று அது சொல்வதில்லை. கொஞ்சம் தளர்ந்தது, நிறையத் தளர்ந்தது என்று அளவோடு பேச இடம் கொடுக்கிறது. பிடி தளர்கிறது, அரசு பிடியைத் தளர்த்துகிறது என்று வினைகள் இயல்பாக வருகின்றன. எதிர்த்திசைக்கும் தேட வேண்டியதில்லை. ஸ்வீடனின் அந்த ஒரு நாள் திரும்பி வந்ததைச் ‘சந்தைப்பிடி மீண்டும் இறுகியது’ என்று எழுதிவிடலாம். மூலத்தில் இதற்கு முன்னொட்டை மாற்றித் தனிச்சொல் வைத்திருக்கிறார்கள். நமக்குத் ‘தளர்’, ‘இறுகு’ என்ற இரண்டு பச்சைத் தமிழ் வினைகளே போதும். வெறும் ‘சந்தைத் தளர்வு’ ஆகாது. வியாபாரம் மந்தம் என்று போய்விடும். அதனால்தான் ‘பிடி’ நடுவில் வந்தது.

> பண்டமாக்கம் ஒரு பக்கம், சந்தைப்பிடித் தளர்வு இன்னொரு பக்கம் என்றால் இரண்டும் இணைச்சொற்கள் என்பதே தெரியாமல் போகுமே?

இந்தக் கேள்வியில் உண்மை இருக்கிறது, அம்மா. ஆனால் அவை உண்மையில் இணைதானா என்று பாருங்கள். பண்டமாவது பொருள்: தண்ணீர், நிலம், ஒருவருடைய உழைப்பு. பிடியில் இருப்பது ஆள். பொருளியல் வரலாற்றாளர் கார்ல் போலனி 1944இல் எழுதியபோது உழைப்பு, நிலம், பணம் மூன்றையும் கற்பனைப் பண்டங்கள் என்றார். விற்பதற்காக உண்டாக்கப்படாதவை என்பதால். அங்கே நமக்குப் பண்டம்தான் வேண்டும். அதே 1944இல் பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பின் பிலடெல்பியா பிரகடனம் “உழைப்பு பண்டம் அல்ல” என்றது. அதற்கு முன்பு, 1919 வெர்சாய் உடன்படிக்கையில் “வெறும் பண்டமாகக் கருதக் கூடாது” என்றுதான் இருந்தது. 25 வருடத்தில் அந்த ‘வெறும்’ உதிர்ந்துபோனது. இந்த இரண்டு வரிகளையும் மொழிபெயர்க்கும்போது பண்டத்தைத் தொடவே கூடாது. ஆனால் நோய்க்காலப் படி வந்த பிறகும் அந்தப் பெண் செவ்வாயோ புதனோ வேலைக்குத்தான் திரும்புகிறாள், கூலி வாங்குகிறாள். அவள் உழைப்பு இன்னும் பண்டமாகவே விற்கப்படுகிறது. மாறியது அவள்மேல் இருந்த பிடி.

‘பிடி’ சந்தையைப் பழிக்கிறதே, கலைச்சொல் நடுநிலையாக இருக்க வேண்டாமா என்றும் ஒருவர் கேட்டிருந்தார். காற்றின் பிடி, குளிரின் பிடி என்று சொல்லும்போது நாம் காற்றைத் திட்டுவதில்லை. அதோடு, மூலச்சொல்லே மனிதரைப் பண்டமாக்குவது பற்றிய கவலையில் பிறந்தது. அந்தக் கவலையைத் துடைத்துவிட்டுச் சொல் மட்டும் வேண்டும் என்றால் அது வேறு கருத்தாகிவிடும்.

இன்னொரு நன்மை எழுதும்போதுதான் கண்ணில் பட்டது. எஸ்பிங்-ஆண்டர்சன் மேல் பெண்ணிய ஆய்வாளர்கள் வைத்த விமரிசனம் உங்களுக்குத் தெரியும். கூலி வேலைக்கே போகாமல் வீட்டில் சமைத்து, துவைத்து, பெரியவர்களைப் பார்த்துக்கொள்ளும் பெண்ணின் உழைப்பு பண்டமே ஆகவில்லை. பிறகு எதைத் தளர்த்துவது? ஆன் ஓர்லாஃப் 1993இல் எழுதிய கட்டுரையில், சம்பளம் கிடைக்கும் வேலைக்குப் போக முடிவதையே ஓர் அளவுகோலாகச் சேர்க்கச் சொன்னார். அந்தப் பெண்ணைப் பிடித்திருப்பது குடும்பம். குழந்தைக் காப்பகம், முதியோர் பராமரிப்பு போன்றவற்றை அரசு ஏற்றுக்கொள்ளும்போது நடப்பதற்கு இதே அச்சில் ‘குடும்பப்பிடித் தளர்வு’ என்று சொல்லிவிடலாம். ‘குடும்பநீக்கம்’ என்று எழுதியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று யோசித்துப் பாருங்கள்! ஒரு கலைச்சொல் பக்கத்துக் கருத்துக்கும் இடம் கொடுத்தால் அதை விடக் கூடாது என்பது என் எண்ணம்.

உரிமை என்ற கூறு சொல்லில் இல்லையே என்பது மிச்சமிருக்கும் குறை. தானத்தாலும் பிடி தளரும்தான். வரையறையில் ‘உரிமையாக’ என்று எழுதிவிடலாம். எல்லாவற்றையும் சொல்லுக்குள்ளேயே திணித்தால் சொல் நடக்காது.

இலக்கணம் தெரிந்தவர்களிடம் ஒரே ஒரு கேள்வி. பிடியின் தளர்வு என்று விரிவதால் வல்லினம் மிகும் என்று கொண்டேன். ஆனால் ‘சந்தைப்பிடித்தளர்வு’ என்று சேர்த்து எழுதினால் கண் ‘பிடித்த’ என்று படித்துத் தடுக்குகிறது. அதனால் ஒற்றை வைத்துக்கொண்டு இடம்விட்டுச் ‘சந்தைப்பிடித் தளர்வு’ என்று எழுதியிருக்கிறேன். இது சரிதானா? அப்புறம், கீழே இருக்கும் மூன்று வாக்கியங்களையும் பொருளியல் படிக்காத யாரிடமாவது வாசித்துக் காட்டி, என்ன புரிந்தது என்று அவர்கள் சொன்னபடியே எழுதுங்கள்.

வேலையின்மைப் படியின் காலத்தை நீட்டியதால் சந்தைப்பிடி தளர்ந்தது.

ஓய்வூதிய வயதை உயர்த்தியதில் சந்தைப்பிடி இறுகியது.

சந்தைப்பிடித் தளர்வு இரு நாடுகளிலும் ஒரே அளவில் இல்லை.

அன்புடன்